டெஸ்ட் டியூபில் நிறம் சரியாக வரவில்லையா? உணவுச் சத்துச் சோதனைகளில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

உருளைக்கிழங்குத் துண்டின்மேல் அயோடின் விட்டால் கருநீலமாகும் என்று எல்லோரும் படித்திருப்போம். செய்து பார்த்தால் சில சமயம் பழுப்பாகவே நிற்கும். சர்க்கரையைக் கண்டு செங்கல் நிறத்துக்கு வர வேண்டிய பெனடிக்ட் கரைசல் அழுக்குப் பச்சையில் நின்றுவிடும். முட்டையின் வெள்ளைக்கரு ஊதா ஆக வேண்டிய குழாயில் நீலக் கூழ் மிதக்கும். அந்த நேரத்தில் பலரும் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்து, அங்கே வந்த நிறத்தையே தங்கள் நோட்டிலும் எழுதிவிடுகிறார்கள். ஆய்வக மேசைகளுக்கு நடுவே பல வருடம் நின்று பார்த்த எனக்கு இதைவிட வருத்தம் தரும் விஷயம் வேறில்லை. எதிர்பாராத நிறம் வந்த குழாயில்தான் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. அதைக் கழுவிக் கொட்டிவிட்டால் போயிற்று.

அதனால் இந்தக் குறிப்பைச் சோதனை வரிசையில் எழுதாமல், கண்ணுக்குத் தெரியும் கோளாறின் வரிசையில் எழுதுகிறேன். உங்கள் குழாயில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

சோதிக்கும் உணவுக் குழாயின் இரண்டு பக்கமும் இரண்டு துணைக் குழாய்களை வையுங்கள். ஒன்றில் வெறும் காய்ச்சி வடித்த நீர். இன்னொன்றில் அந்தச் சத்து இருப்பது உறுதியாகத் தெரிந்த பொருள்: மாவுச்சத்துக்குக் கரைத்துக் காய்ச்சிய ஸ்டார்ச், சர்க்கரைக்குக் குளுக்கோஸ் கரைசல், புரதத்துக்கு நீர் கலந்த வெள்ளைக்கரு, கொழுப்புக்கு ஒரு துளி சமையல் எண்ணெய். மூன்றுக்கும் ஒரே அளவு, ஒரே கரைசல், ஒரே நேரம்.

இப்போது கோளாறு எங்கே என்று குழாய்களே சொல்லிவிடும். உறுதியாகத் தெரிந்த பொருளிலேயே நிறம் வரவில்லை என்றால் கரைசல் கெட்டிருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. வெறும் நீரிலும் நிறம் வந்தால் குழாயோ டிராப்பரோ அழுக்கு. இரண்டு துணைக் குழாய்களும் ஒழுங்காக இருந்து, நடுக் குழாய் மட்டும் வினோதமாக நடந்துகொண்டால், அப்போதுதான் உணவைப் பற்றி யோசிக்க வேண்டும். தனியாக நிற்கும் ஒரு நிறத்துக்கு அர்த்தம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் இரண்டு குழாய்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதைப் படிக்க முடியும். கீழே வரும் எல்லாக் கோளாறுகளுக்கும் இது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. சோதனைக்கு எடுத்த உணவை வாயில் வைக்கக் கூடாது, மிச்சம் இருந்தாலும். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல், அதைப் பயன்படுத்தும் பையூரெட் என்ற புரதச் சோதனையைத் தொடங்காதீர்கள்.

அயோடின் விட்டேன், பழுப்பாகவே நிற்கிறது

முதலில் தொட்டுப் பாருங்கள்: குழாய் சூடாக இருக்கிறதா? நான் பார்த்ததில் அடிக்கடி நடப்பது இதுதான். ஸ்டார்ச் கரைசலைக் கொதிக்க வைத்த கையோடு அயோடினை விடுவார்கள், நிறம் வராது. ஸ்டார்ச்சில் உள்ள அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி, திருகுச் சுருள் போல வளைந்து இருக்கும். அயோடின் அந்தச் சுருளின் உள்ளே போய் வரிசையாக உட்காரும்போதுதான் கருநீலம் தெரியும். சூட்டில் அந்தப் பிடி தளர்ந்து அயோடின் வெளியே வந்துவிடுகிறது. குழாயைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால், தண்ணீர் படும் பக்கத்தில் முதலில் ஒரு நீலக் கோடு எழும்பும். பிறகு அது உள்ளே பரவி, அரை நிமிடத்தில் குழாய் முழுவதும் கறுத்துவிடும். மறுபடி சூடாக்கினால் மறைந்து, ஆறினால் திரும்ப வரும். இதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்க்கச் சொல்வேன். எந்தப் படத்தைவிடவும் அது நன்றாகப் புரியவைக்கும்.

சூடு காரணம் இல்லை என்றால் உணவில் வைட்டமின் சி இருக்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் சாறு கலந்திருந்தால், விட்ட அயோடினை வைட்டமின் சி அயோடைடாக மாற்றி நிறமிழக்கச் செய்யும். பழுப்பு நிறம்கூட நிற்காமல் துளி விழுந்ததும் மறைந்தால் இதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். மேலும் துளிகள் விடுங்கள். வைட்டமின் சி தீர்ந்த பிறகு, மாவுச்சத்து இருந்தால், நீலம் எழும்பும். குழாயில் காரம் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். முன்பு பையூரெட் சோதனை செய்த குழாயைச் சரியாகக் கழுவாமல் எடுத்தால், மிச்சமிருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு அயோடினைத் தின்றுவிடும்.

அப்புறம், கரைசல் பழையதா? அயோடின் காற்றில் மெதுவாக ஆவியாகிப் போகும் பொருள். மூடி சரியாக இல்லாத பாட்டிலில் நிறம் வெளிறிக்கொண்டே வரும். ஸ்டார்ச் வைத்த துணைக் குழாய் இதை உடனே காட்டிக்கொடுக்கும்.

முழு பட்டாணி, முழு பீன்ஸ் மேல் தோலோடு அயோடின் விட்டால் ஒன்றும் ஆகாது. மாவுச்சத்து உள்ளே செல்களுக்குள் இருக்கிறது. வெட்டுங்கள், அரையுங்கள், தேவையானால் கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பழுப்பு என்றால், மாவுச்சத்து இல்லை என்று தைரியமாக எழுதலாம். வெங்காயம் அப்படித்தான். அது தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைக்காமல் சர்க்கரைகளாக வைத்திருக்கிறது. பழுத்த ஆப்பிளும் அப்படியே. காயான ஆப்பிளைக் குறுக்கே வெட்டி அயோடினில் நனைத்தால் சதை கறுக்கும். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் கறுப்பு குறைந்துகொண்டே வரும். பழத்தோட்டக்காரர்கள் பறிக்கும் நேரத்தைத் தீர்மானிக்க இதே சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஆப்பிளில் உங்களுக்கு ஒரு விடையும் நண்பருக்கு வேறு விடையும் வந்தால் இரண்டு பேரும் சரியாகச் செய்திருக்க வாய்ப்பு உண்டு.

கருநீலத்துக்குப் பதில் செம்பழுப்பு அல்லது சிவந்த ஊதா

இது தோல்வி இல்லை, வேறு மூலக்கூறு. கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின் அதிகம் உள்ள மாவு சிவந்த ஊதா தரும். பாதி உடைந்த மாவுச்சத்தான டெக்ஸ்ட்ரின் செம்பழுப்பு தரும். ரொட்டியின் நடுப்பகுதியையும் நன்றாகச் சிவந்த ஓரத்தையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். ஓரத்தில் சூட்டால் கொஞ்சம் டெக்ஸ்ட்ரின் உருவாகியிருக்கும். ஈரலில் உள்ள, மாவுச்சத்து போன்ற சேமிப்புப் பொருளான கிளைக்கோஜனும் செம்பழுப்புப் பக்கம்தான் போகும். நோட்டில் கண்ட நிறத்தை அப்படியே எழுதுங்கள்.

அயோடின் பட்ட இடமெல்லாம் கறுக்கிறது

கத்தி. உருளைக்கிழங்கை வெட்டிய அதே கத்தியால் வெள்ளரிக்காயை வெட்டியிருப்பீர்கள். இல்லையென்றால் உணவைத் தாளின்மேல் வைத்திருப்பீர்கள். பல தாள்களில் தயாரிக்கும்போதே ஸ்டார்ச் சேர்க்கிறார்கள், அது தானாகவே கறுக்கும். வெள்ளைப் பீங்கான் தட்டுக்கு மாறுங்கள். அயோடின் மிகவும் அடர்த்தியாக இருந்தாலும் பழுப்பா கறுப்பா என்று பிரித்துப் பார்க்க முடியாது. பால் சேர்க்காத இளம் தேநீரின் நிறம் வரும்வரை நீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள்.

பெனடிக்ட் கரைசல் நீலமாகவே இருக்கிறது

ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கரைசல் இது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் நீண்ட காலம் இதை நம்பியிருந்தார்கள். 1 லிட்டரில் 17.3 கிராம் காப்பர் சல்பேட், 173 கிராம் சோடியம் சிட்ரேட், 100 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. தாமிரம் நிறம் காட்டுகிறது. கார்பனேட் காரத்தன்மை கொடுக்கிறது. சிட்ரேட் தாமிரத்தைப் பிடித்துவைத்து, வீழ்படிவாகப் போய்விடாமல் காக்கிறது. எது குறைந்தாலும் சோதனை கெடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருபவை தானாகப் புரியும்.

சூடு போதாததுதான் வழக்கமான காரணம். அறை வெப்பத்தில் இந்த வினை நடந்து முடிய நாம் காத்திருக்க முடியாது. பீக்கரில் தண்ணீர் கொதிக்க வேண்டும், குழாயில் உள்ள கரைசலின் மட்டத்தைவிடப் பீக்கர் நீரின் மட்டம் மேலே இருக்க வேண்டும், குழாய் குறைந்தது 5 நிமிடம் உள்ளே நிற்க வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்திருந்தால் குழாயின் அடிப்பகுதி மட்டும் சூடாகும்.

சூடு சரி, ஆனாலும் நீலம் என்றால், உணவில் இருப்பது சுக்ரோஸ் மட்டுமாக இருக்கலாம். நாம் சமையலில் போடும் வெள்ளைச் சர்க்கரை அதுதான். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தங்கள் வினைபுரியும் முனைகளையே ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சுக்ரோஸ் ஆகின்றன. தாமிரத்தை ஒடுக்க, அதாவது அதற்கு எலக்ட்ரான் கொடுத்து நிறம் மாற்ற, அங்கே முனை மிச்சம் இல்லை. அப்படி ஒடுக்கக்கூடிய சர்க்கரைகளுக்குத்தான் ஒடுக்கும் சர்க்கரை என்று பெயர். இனிப்பது எல்லாம் பெனடிக்டில் சிவக்கும் என்று நினைத்தவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். அந்தப் பூட்டை உடைக்க, புது மாதிரியில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிநீரில் சில நிமிடம் வையுங்கள். ஆறவிட்டு, சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நுரைப்பது நின்றால் அமிலம் தீர்ந்தது என்று அர்த்தம். அதன்பிறகு பெனடிக்ட் விட்டுச் சூடாக்கினால் சிவக்கும்.

அந்த நுரை நிற்கும்வரை காத்திருப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அமிலம் மிச்சமிருந்தால் அது பெனடிக்டில் உள்ள கார்பனேட்டைத் தீர்த்துவிடும், காரம் இல்லாமல் வினை நடக்காது. பெனடிக்ட் விட்டதும் குழாய் சீறி நுரைத்தால், இன்னும் அமிலம் இருக்கிறது என்று குழாயே சொல்கிறது. நிறுத்தி, மறுபடி பைகார்பனேட் போட்டு, பிறகு தொடருங்கள்.

ஸ்டார்ச் மட்டும் உள்ள குழாயும் நீலமாகவே இருக்கும். அது சரியான விடை. அதில் கொஞ்சம் எச்சில் கலந்து, உடல் வெப்பத்தில் கால் மணி நேரம் வைத்துவிட்டுச் சோதித்தால் நிறம் மாறும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை மால்டோஸ் என்ற ஒடுக்கும் சர்க்கரையாக உடைத்திருக்கும்.

பெனடிக்ட் பச்சையில் நின்றுவிட்டது

என்னிடம் வந்த கேள்விகளில் இதுதான் அதிகம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பச்சைக்கு நான்கு விதமான காரணங்கள் இருக்கலாம்.

ஒடுக்கும் சர்க்கரை குறைவாக இருப்பது முதல் காரணம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று சர்க்கரை கூடக் கூட நிறம் நகரும். குறைவாக இருக்கும்போது உண்டாகும் சிறிதளவு காப்பர் ஆக்சைடு மஞ்சளாகத் தெரிகிறது, மிச்ச நீலத்தோடு சேர்ந்து பச்சையாகிறது. இதுவும் ஆம் என்ற விடைதான்.

உணவே மஞ்சளாக இருந்து, நீலக் கரைசலோடு கலந்து பச்சையாகத் தெரிவது இரண்டாவது. இங்கே வினையே நடக்கவில்லை. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? குழாயைத் தாங்கியில் வைத்து 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். உண்மையான வினை நடந்திருந்தால் அடியில் மஞ்சளோ சிவப்போ கலந்த நுண்ணிய தூள் படியும், மேலே கரைசல் தெளிந்து நீலமாகும். வெறும் நிறக் கலப்பு என்றால் நாள் முழுக்க வைத்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. இன்னொரு வழி, சூடாக்காத ஒரு குழாயை அதே கலவையோடு பக்கத்தில் வைத்துக்கொள்வது. சூடாக்கும் முன்னும் பின்னும் ஒரே பச்சை என்றால் அது சாயம்.

மூன்றாவது, சர்க்கரை அல்லாத ஒரு பொருள் தாமிரத்தை ஒடுக்குவது. வைட்டமின் சி அதைச் செய்யும். சர்க்கரை சேர்க்காத வைட்டமின் சி மாத்திரைக் கரைசலில் பெனடிக்ட் நிறம் மாறியதைப் பார்த்து, மாத்திரையில் குளுக்கோஸ் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெனடிக்ட் சொல்வது, தாமிரத்தை ஒடுக்கும் ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். அது எது என்பதை நாம் வேறு வழியில் உறுதிசெய்ய வேண்டும்.

நான்காவது, சுக்ரோஸ் குழாயில் வரும் லேசான பச்சை. சர்க்கரையில் சிறிதளவு குளுக்கோஸ் கலந்திருக்கலாம், அல்லது நீண்ட நேரம் கொதித்ததில் கொஞ்சம் சுக்ரோஸ் உடைந்திருக்கலாம். நேரத்தை 5 நிமிடத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

இரண்டு உணவுகளில் எதில் சர்க்கரை அதிகம் என்று நிறத்தை வைத்து ஒப்பிட வேண்டுமா? மாதிரி 2 மி.லி., பெனடிக்ட் 2 மி.லி., ஒரே பீக்கர், ஒரே நேரம். இதில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு போய்விடும்.

குழாயின் அடியில் சிவப்பு, மேலே நீலமே இல்லை

சர்க்கரை அளவுக்கு அதிகம், தாமிரம் முழுவதும் தீர்ந்துவிட்டது. தேனை அப்படியே எடுத்தால் இது நடக்கும். 10 மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி செய்யுங்கள். தாமிரம் தீர்ந்த பிறகு எல்லா இனிப்பும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும், ஒப்பிட முடியாது.

சூடாக்கும்போது கரைசல் வெளியே பாய்கிறது

நேரடித் தீயில் காட்டினால் இப்படித்தான் ஆகும். கொதிநீர்ப் பீக்கருக்கு மாறுங்கள். குழாயின் வாய் யார் முகத்தையும் பார்த்து இருக்கக் கூடாது, உங்கள் முகத்தையும்.

பையூரெட்: ஊதா வர வேண்டிய இடத்தில் நீலக் கூழ்

காப்பர் சல்பேட் அதிகமாகிவிட்டது. அநேகமாக எப்போதும் இதுதான். 2 மி.லி. மாதிரியில் 2 மி.லி. 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு நன்றாகக் கலக்கிய பிறகு, 1 சதவீதக் காப்பர் சல்பேட்டை ஒரு துளி விட்டுக் கலக்கி, மறுபடி ஒரு துளி. மூன்று நான்கு துளிகளுக்கு மேல் தேவைப்படாது. டிராப்பரை அழுத்திக் கொட்டினால், புரதம் பிடித்துக்கொண்டது போக மிச்சத் தாமிரம் ஹைட்ராக்சைடாகி, வெளிர்நீலக் கூழாக எல்லாவற்றையும் மூடிவிடும். உள்ளே ஊதா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குழாயைக் கொஞ்ச நேரம் நிற்கவிட்டால் கூழ் அடங்கி, மேலே தெளிந்த பகுதியில் ஊதா தெரியலாம். ஆனாலும் புதிதாக ஒன்று செய்வதே நல்லது. வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துப் பாருங்கள், வெளிறிய ஊதாவையும் நீலத்தையும் பிரித்தறிய அது பெரிய உதவி.

ஊதா எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்ற கோளாறுகளும் பிடிபடும். புரதத்தில் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் பெப்டைடு பிணைப்புகளில் உள்ள நைட்ரஜன் அணுக்கள், காரம் உள்ள சூழலில், ஒரு தாமிர அயனியைச் சுற்றிப் பிடிக்கின்றன. அந்தப் பிடிதான் ஊதா. குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்பாவது மூலக்கூறில் இருக்க வேண்டும். ஆகவே தனி அமினோ அமிலம் ஊதா தராது. புரதம் சிறு சிறு துண்டாக உடைந்திருந்தால் ஊதா விலகி இளஞ்சிவப்புப் பக்கம் போகும். பையூரெட் என்பது யூரியாவைச் சூடாக்கினால் கிடைக்கும் ஒரு பொருளின் பெயர். அதுவும் இதே ஊதாவைத் தருவதால் சோதனைக்கு அந்தப் பெயர் வந்தது. சோதனைக் கரைசலில் அந்தப் பொருள் கிடையாது.

கூழ் இல்லாமல் தெளிந்த ஆழ்ந்த நீலம் வந்திருக்கிறதா? மாதிரியில் சர்க்கரை நிறைய இருந்தால் அது தாமிரத்தைப் பிடித்துக் கரைசலில் வைத்துக்கொண்டு இப்படி நீலமாக நிற்கும். அம்மோனியம் உப்பு இருந்தாலும் ஆழ்ந்த நீலம் வரும். இரண்டையும் ஊதா என்று எழுதிவிடாமல், வெள்ளைக்கரு வைத்த துணைக் குழாயோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பையூரெட் குழாயைச் சூடாக்கினீர்களா? சூடாக்கத் தேவையே இல்லை. சர்க்கரையும் சேர்ந்திருக்கும் உணவைச் சூடாக்கினால் தாமிரம் ஒடுங்கி ஆரஞ்சுத் தூள் வரும், அப்போது சோதனை வேறாகிவிடும்.

வெள்ளைக்கருவில் நீர் சேர்த்ததும் வெள்ளையாகக் கலங்கிவிட்டது

கெட்டுப்போகவில்லை. வெள்ளைக்கருவில் உள்ள சில புரதங்கள் உப்பில்லாத நீரில் கரையாமல் பிரிகின்றன. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்குங்கள், பெரும்பகுதி தெளியும்.

வேகவைத்த முட்டைத் துண்டை எடுத்துக்கொண்டால் வேறு பிரச்சினை. புரதம் திரண்டு கெட்டியாகிவிட்டதால் கரைசல் நிறமே மாறாமல் இருக்கும், புரதம் இல்லை என்று தோன்றும். ஒருமுறை நான் அப்படி ஒரு குழாயைக் கொட்டப் போகும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கரைசல் வெளிர்நீலம்தான். ஆனால் வெள்ளைத் துண்டின் ஓரம் முழுக்க, பென்சிலால் வரைந்தது போல மெல்லிய ஊதாக் கோடு. உடைந்து பிசிறான மூலைகளில் அந்த ஊதா இன்னும் அடர்த்தியாக இருந்தது. காரம் எங்கே உள்ளே புக முடிந்ததோ அங்கே மட்டும் நிறம். அன்றிலிருந்து கெட்டியான உணவைக் கல்வத்தில் இட்டு நசுக்கிக் கூழாக்காமல் நான் சோதிப்பதில்லை. கரைசலை மட்டும் பார்க்காமல் துண்டின் விளிம்பையும் பாருங்கள்.

கொழுப்புச் சோதனை: எல்லா உணவும் பால்போல் கலங்குகிறது

எத்தனால் சோதனையின் தர்க்கம் எளியது. கொழுப்பு எத்தனாலில் கரையும், நீரில் கரையாது. உணவை எத்தனாலோடு குலுக்கி, தெளிந்த எத்தனாலை நீரில் ஊற்றினால், கரைந்திருந்த கொழுப்பு நுண்துளிகளாகப் பிரிந்து வெள்ளையாகக் கலங்கும்.

தெளிந்த என்ற சொல்தான் முக்கியம். குலுக்கிய உடனே ஊற்றினால் உணவுத் துகள்களும் சேர்ந்து போகும், அந்தக் கலங்கலைக் கொழுப்பு என்று நினைத்துவிடுவோம். இரண்டு மூன்று நிமிடம் அடங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் டிராப்பரால் எடுங்கள். அடங்காவிட்டால் வடிதாளில் வடிகட்டுங்கள்.

எண்ணெய் வைத்த துணைக் குழாயிலேயே கலங்கல் சரியாக வரவில்லை என்றால் ஈரம்தான் காரணம். முதல் குழாயில் தண்ணீர் ஒட்டியிருந்தால் எத்தனால் நீர்த்துப்போய்க் கொழுப்பைக் கரைக்காது. முதல் குழாய் உலர்ந்திருக்க வேண்டும், உணவும் முடிந்தவரை உலர்ந்திருக்க வேண்டும். எத்தனால் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் எரியும் பர்னர் எதுவும் இருக்கவே கூடாது, லேசாகச் சூடுபடுத்த வேண்டும் என்றால் வெந்நீர்ப் பாத்திரம் போதும்.

தாளில் தேய்க்கும் சோதனையில் எல்லாமே ஒளி ஊடுருவும் கறையாகத் தெரிகிறதா? தாள் காயும்வரை பொறுக்கவில்லை. நீர்க்கறை காய்ந்தால் மறையும், எண்ணெய்க்கறை நிற்கும். ஆரஞ்சுத் தோலின் வாசனை எண்ணெய் மட்டும் ஏமாற்றும். அது கறை போட்டுவிட்டுப் பிறகு ஆவியாகிவிடும், அது கொழுப்பு அல்ல.

சூடான் (Sudan) என்ற, கொழுப்பில் கரையும் சிவப்புச் சாயத்தைப் பயன்படுத்துபவர்கள் குழாயைக் குலுக்கிவிட்டு நிற்கவைத்து, மேலே மிதக்கும் அடுக்கு சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குலுக்கிய நிலையில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும்.

வைட்டமின் சி சோதனையில் நீலம் போய் இளஞ்சிவப்பு வந்து நிற்கிறது

டிசிபிஐபி என்ற நீலச் சாயத்தை வைட்டமின் சி நிறமிழக்கச் செய்யும். ஆனால் அந்தச் சாயம் அமிலத்தில் இளஞ்சிவப்பாக மாறும் குணமும் கொண்டது. பழச்சாறு அமிலம் என்பதால், முதல் துளிகளிலேயே இளஞ்சிவப்பு வருவது இயல்பு. அங்கே நிறுத்தக் கூடாது, இளஞ்சிவப்பும் மறையும்வரை துளி விட வேண்டும். சாறு தன் நிறத்திலேயே சிவப்பாக இருந்தால் இந்தச் சோதனை அதற்கு ஏற்றதல்ல.

துளி எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் குலுக்குவதைக் கவனியுங்கள். வேகமாகக் குலுக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் கலந்து நிறத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். மெதுவாகச் சுழற்றினால் போதும். சாயத்தை 1 மி.லி. அளந்து குழாயில் எடுத்து, சாற்றைத் துளித்துளியாக அதில் விட வேண்டும், தலைகீழாகச் செய்யக் கூடாது. கணக்கும் கஷ்டமில்லை: 1 மி.லி.க்கு 1 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ள கரைசல் 10 துளியில் நிறத்தைப் போக்குகிறது, உங்கள் சாற்றுக்கு 20 துளி பிடிக்கிறது என்றால், சாற்றில் 1 மி.லி.க்கு 0.5 மில்லிகிராம். துளி அதிகம் பிடித்தால் சத்து குறைவு. இதைப் பலர் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

பாலில் மட்டும் எல்லாச் சோதனையும் குழப்புகிறது

பால் ஒரு நல்ல பரீட்சை. ஏறத்தாழ 87 சதவீதம் நீர், 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ், 3 சதவீதத்துக்கு மேல் புரதம், கிட்டத்தட்ட அதே அளவில் கொழுப்பு. எல்லாம் ஒரே வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருப்பதால் நிறங்கள் வெளிறித் தெரியும். வெள்ளையில் கலந்த ஊதா, வெளிர் கத்தரிப்பூ நிறமாகத் தெரியும், அது சரியான விடையே. முதலில் இரண்டு மடங்கு நீர் சேர்த்துக்கொண்டால் படிக்க எளிது.

பெனடிக்டோடு சூடாக்கினால் லாக்டோஸ் ஒடுக்கும் சர்க்கரை என்பதால் ஆரஞ்சு வரும், சில சமயம் புரதம் திரண்டு நிறத் தூளையும் தன்னோடு கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கட்டியின் நிறத்தைப் பாருங்கள். கொழுப்புச் சோதனைக்குப் பால் ஏற்கெனவே கலங்கலாக இருப்பதால் நேரடியாக நீரில் ஊற்றுவதில் பயனில்லை. பாலைப் போல் நான்கு மடங்கு எத்தனால் சேர்த்துக் குலுக்கினால் புரதம் திரண்டு பிரியும். அதை வடிகட்டி, தெளிந்து இறங்கும் திரவத்தை நீரில் விட்டால் புதிதாக ஒரு கலங்கல் எழும்பும். கொழுப்பின் அடையாளம் அந்த இரண்டாவது கலங்கல்தான்.

அயோடின் விட்டால் பாலில் கருநீலம் வரக் கூடாது. வந்தால், கொதித்து ஆறிய பாலில் மறுபடி ஒருமுறை செய்து பாருங்கள், வெறும் நீர்க் குழாயையும் பக்கத்தில் வைத்து. நீர்க் குழாய் பழுப்பாகவும் பால் மறுபடியும் நீலமாகவும் இருந்தால், அந்தப் பாலில் யாரோ மாவு கலந்திருக்கிறார்கள்.